ஜிரா டிக்கெட்டில் லாக் ஏன் அலங்கோலமாகிறது

ராணிப்பேட்டை தோல் ஆலை ஒன்றில் பேக்கப் நின்றதும் ஸ்கிரிப்ட் தானாக ஜிராவில் (பிழைகளையும் வேலைகளையும் கண்காணிக்கும் மென்பொருள்) டிக்கெட் போட்டு, லாகையும் (நிரல் எழுதும் பதிவு) அதில் சேர்க்கிறது என்று வையுங்கள். டிக்கெட்டின் விவரத்தில் மார்க்டவுன் (குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை) போட்டால் எடுபடாது. லாகைச் சுற்றிப் போடும் மூன்று பேக்டிக் (`) குறிக்கு அங்கே மரியாதை இல்லை. ஸ்கிரிப்ட் ஜிராவோடு பேசும் வழியான ஏபிஐயின் 2-ஆம் பதிப்பு, விக்கி மார்க்அப் என்ற வேறு குறி முறையைக் கேட்கும். ஜிரா கிளவுடின் 3-ஆம் பதிப்புக்கு ஜேசன் (தரவை அனுப்பும் ஒரு எழுத்து வடிவம்) வடிவ ஆவணம் வேண்டும், வெறும் ஸ்டிரிங் (எழுத்துச் சரம்) அனுப்பினால் 400 பிழை. சின்ன ஸ்கிரிப்டுக்கு 2 போதும்.

லாகை அப்படியே ஒட்டாதீர்கள். வரித் தொடக்கத்தில் ‘# காட்பாடி கிளை’ என்றிருந்தால் ‘1. காட்பாடி கிளை’ ஆகிவிடும். லாகுக்கு முன்னும் பின்னும் நெளி அடைப்புக்குள் நோஃபார்மேட் என்று, ஆங்கிலச் சிற்றெழுத்தில், போடுங்கள்.

வரி உடையாமல் பின்சாய்கோடும் ‘என்’ எழுத்துமாகத் தெரிகிறதா? வரி முறிவுக் குறி இரண்டு முறை எஸ்கேப் (பின்சாய்கோடு சேர்த்து மாற்றி எழுதுவது) ஆகியிருக்கிறது. ஜேசனைக் கையால் கோக்காமல் லைப்ரரியிடம் விடுங்கள். விவரத்துக்கு வழக்கமான வரம்பு 32,767 எழுத்து. நீள லாகை அட்டாச்மென்ட்டாகச் சேருங்கள்.