கீழே ஜப்பானியம், மேலே தமிழ்

ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கிய பிறகு, படம் பார்க்கும்போது இரண்டு சப்டைட்டில்களை ஒருசேர ஓடவிடுவது என் வழக்கமாகிவிட்டது. கீழே ஜப்பானிய வரி, மேலே தமிழ் வரி. தமிழ்க் கோப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதால், ஆங்கிலக் கோப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே எழுதிக்கொள்கிறேன். ஆங்கிலத்தையே மேலே வைத்துவிடலாமே என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வசனத்தைக் காட்டுவேன். "அமே கா ஃபுத்தே இரு கரா" என்று ஒரு வரி வந்து மறைகிறது. அடுத்து "கசா ஓ மொத்தே இக்கினசாய்" என்று வருகிறது. மழை பெய்துகொண்டிருப்பதால், குடையை எடுத்துக்கொண்டு போ. தமிழில் எழுதினால் முதல் வரியில் மழையும் இரண்டாம் வரியில் குடையும் தாமாகவே வந்து அமர்கின்றன. 'கசா'வுக்குப் பின் வரும் 'ஓ', குடைக்குப் பின் வரும் நம்முடைய 'ஐ' உருபின் வேலையைத்தான் செய்கிறது. ஆங்கிலத்திலோ பெரும்பாலும் குடை முந்திக்கொண்டுவிடும். காதில் மழை விழும்போது கண் குடையைப் படித்துக்கொண்டிருக்கும்.

இரு மொழி வரிகளை ஒரே திரையில் காட்டுவது புதிதன்று. பின்லாந்துத் திரையரங்குகளில் பின்னியமும் சுவீடியமும், பிரசல்ஸில் பிரெஞ்சும் டச்சும் அடுத்தடுத்த வரிகளாக ஓடுகின்றன. ஆனால் நம்மில் பலரும் கணினியில் படம் பார்க்க வைத்திருக்கும் வி.எல்.சி. மென்பொருளின் 3-ஆம் பதிப்பு ஒரு நேரத்தில் ஒரு சப்டைட்டில் தடத்தை மட்டுமே காட்டும். நான் பயன்படுத்துவது எம்.பி.வி. என்னும் வேறொரு படம் பார்க்கும் மென்பொருள். அதில் முதல் தடம் கீழேயும், 'செகண்டரி எஸ்.ஐ.டி.' என்னும் அமைப்பில் நாம் குறிக்கும் இரண்டாவது தடம் மேலேயும் தோன்றும். கட்டளைகளை எழுதத் தயங்குபவர்கள் எஸ்.எம்.பிளேயர் என்னும் மென்பொருளை நிறுவிக்கொண்டால், மெனுவிலேயே இரண்டாம் தடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸில் பாட்பிளேயரிலும் இந்த வசதி உண்டு.

கற்கும் மொழியையே முதல் தடமாக வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கண் பழக்கத்தால் முதலில் திரையின் அடிப்பகுதிக்குத்தான் போகிறது. மேலும், எம்.பி.வி.யில் கன்ட்ரோல் விசையோடு இடப்பக்க அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய சப்டைட்டில் தொடங்கிய இடத்துக்கே படம் திரும்பும். அந்தக் கணக்கு முதல் தடத்தை வைத்துத்தான் நடக்கிறது. புரியாத ஒரு வசனத்தைப் பத்து முறை கேட்பவருக்கு இந்த ஒரு விசை பெரிய உதவி.

உண்மையான உழைப்பு நேரத்தைப் பொருத்துவதில் இருக்கிறது. இரண்டு கோப்புகளும் படத்தின் வெவ்வேறு பதிப்புகளுக்காகச் செய்யப்பட்டவையாக இருந்தால், ஒன்று வாய் அசைவோடு பொருந்தும், மற்றது பொருந்தாது. வேறுபாடு தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அளவாக, மூன்று வினாடி என்றால் மூன்றே வினாடியாக இருந்தால், எல்லா வரிகளையும் மொத்தமாக நகர்த்தினால் போதும். முதல் காட்சியில் சரியாக இருந்து, போகப்போக விலகிக்கொண்டே சென்றால் கோளாறு வேறு: அந்தக் கோப்பு வினாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் பதிப்புக்கு உரியது, உங்களிடம் உள்ள படமோ வினாடிக்கு 23.976 சட்டகம் ஓடுவது. அப்போது ஒரு மணி நேரத்தில் வர வேண்டிய வசனம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் முன்னதாகவே வந்து நிற்கும். இதை நகர்த்திச் சரிசெய்ய முயன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்திருக்கிறேன். அந்தக் கோப்பில் உள்ள எல்லா நேரங்களையும் 1.0427 ஆல் பெருக்க வேண்டும் என்பதே தீர்வு. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றும் கட்டளை அதைச் செய்துவிடும். டிவிடி, புளூரே வட்டுகளிலிருந்து அப்படியே எடுத்த சப்டைட்டில்கள் எழுத்தாக அல்லாமல் படமாக இருப்பவை. அவற்றை முதலில் எழுத்தாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

தொலைக்காட்சியில் பென்டிரைவ் வழியாகப் பார்க்க விரும்பியபோது இரண்டு சப்டைட்டில்களையும் ஏ.எஸ்.எஸ். என்னும் வடிவத்தில், வரிகளின் தோற்றத்தையும் இடத்தையும் குறிக்கக்கூடிய ஒரே கோப்பாக இணைத்தேன். அதில் ஒவ்வொரு பாணிக்கும் திரையில் இடம் குறிக்கும் எண் ஒன்று உண்டு. விசைப்பலகையின் எண் பகுதியைத் திரையாக நினைத்துக்கொண்டால் 2 கீழ்நடு, 8 மேல்நடு. இடம் சரியாகவே அமைந்தது, ஆனால் தமிழ் சிதைந்தது. 'கொ' என்னும் எழுத்தில் ககரத்தின் இருபுறமும் அமைய வேண்டிய கொம்பும் காலும் பிரிந்து, நடுவே புள்ளிகளாலான ஒரு வட்டம் நின்றது. கோப்பு, தமிழ் எழுத்துகளைச் சேமிக்க ஏற்ற யு.டி.எஃப்.-8 குறியீட்டில்தான் இருந்தது. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் திறன் அந்தத் தொலைக்காட்சியில் இல்லை. எம்.பி.வி.யில் சப்டைட்டிலை வரையும் லிப்ஆஸ் நிரலகம், அந்தப் பணியை எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகத்திடம் ஒப்படைப்பதால் தமிழ் அங்கே சிதைவதில்லை. கணினியை எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சியோடு இணைத்துக்கொண்டேன்.

ஒரு படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது ஆல்ட் விசையோடு 'வி' எழுத்தை அழுத்தி மேல்வரியை மறைத்துவிடுகிறேன். தேவைப்பட்டால் அதே விசை அதை மீட்டுத் தரும். நேற்று அரைமணி நேரத்தில் மேல்வரியை மூன்று முறை அழைத்தேன், மூன்றும் 'சுமிமசென்' என்ற ஒரே சொல்லுக்காக. ரயிலில் இடித்துவிட்டவர் சொன்னபோது மேல்வரியில் 'மன்னிச்சிடுங்க' என்று இருந்தது. விழுந்த கைக்குட்டையை எடுத்துத் தந்தவரிடம் சொன்னபோது 'ரொம்ப நன்றிங்க'. உணவகத்தில் பரிமாறுபவரைக் கூப்பிட்டபோது வெறும் 'ஏங்க'.