பாறை அடுக்கிலிருந்து கடல்மட்டம்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலவியல் படிப்பவர்களுக்குக் கைக்கெட்டிய பாறையெல்லாம் பூமிக்குள் ஆழத்தில் உருவான நைஸ், சார்னோகைட், கிரானைட்தான். குவாரிச் சுவரில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாகத் தெரிவது கடல் போட்ட அடுக்கல்ல. ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் உண்டாக்கிய பட்டை. பழைய கடல்மட்டத்தைச் சொல்லும் அடுக்கைப் படித்துப் பழகச் சேலம், ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர் தாண்டிக் காரைக்குப் போக வேண்டும். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் படிவுகள் அங்கே வெட்டவெளியில் கிடக்கின்றன.

தை, மாசியில் போவது நல்லது. ஐப்பசி மழையில் அந்தக் களிமண் காலை விடாது. 10 மடங்கு லென்ஸ், அடுக்கின் சரிவை அளக்கும் கிளைனோமீட்டர், 1.5 மீட்டர் அளவுக்கோல், சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொட்டு பாட்டிலில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், கிராஃப் தாள் போதும். 1 செ.மீ.க்கு 1 மீட்டர் என்று வைத்து, அடுக்குகளை அடியிலிருந்து மேலாக வரையுங்கள்; இந்த வரைபடம்தான் லாக். ஒவ்வொரு அடுக்குக்கும் மணல் பருமன், புதைபடிவம், புழுத்துளை, அடி எல்லை எல்லாம் வேண்டும். பலரும் விட்டுவிடுவது அடி எல்லையைத்தான். அது கத்தி வெட்டுப்போல இருக்கிறதா, மெல்ல மாறுகிறதா என்று எழுதாத லாக் பாதி லாக்தான்.

காரையில் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஓடையில் உருண்டு கிடக்கும் பெலம்னைட் (கணவாய் போன்ற பழங்கால உயிரியின் தோட்டா வடிவப் புதைபடிவம்) மேலிருந்து கழுவி வந்ததாக இருக்கலாம். அடுக்குக்குள் பதிந்திருப்பதை மட்டும் லாக்கில் சேருங்கள். களிமண்ணில் மினுக்கும் ஜிப்சத்தை (கடல்நீர் வற்றும்போதும் படியும் உப்புக் கனிமம்) பார்த்ததும் ‘கடல் வற்றியது’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நரம்புகள் அடுக்கைக் குறுக்கே வெட்டுவதைக் கவனியுங்கள். களி படிந்த பிறகு வந்தவை அவை; கடல்மட்டத்துக்குச் சாட்சியாகா.

மேலே போகப்போக மணல் குறைந்து களி கூடினால் நீர் ஆழமாகியிருக்கிறது என்பது பொதுவான வாசிப்பு. தலைகீழானால் கடல் பின்வாங்கியது என்று உடனே எழுதிவிடக் கூடாது. ஆறு அதிக மணலைக் கொண்டுவந்து கொட்டினாலும், கடல்மட்டம் அசையாமலே கரை முன்னேறும். அரியலூர்ப் பகுதியில் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் தடித்த சிப்பிகள், அதற்கு வெகு மேலே கல்லமேட்டில் டைனோசர் எலும்புள்ள ஆற்றுப் படிவு, அதற்கும் மேலே நின்னியூரில் மறுபடி கடல் படிவு. கடல் போனதும் திரும்பியதும் இதில் தெளிவு. எத்தனை மீட்டர் என்பது மட்டும் இதிலிருந்து வராது. நிலம் தாழ்ந்ததா, கடல் உயர்ந்ததா என்று பிரிக்க, அதே வயதுள்ள வேறு கண்டத்து அடுக்குகளோடும் ஒப்பிட வேண்டும்.

மீட்டருக்கு வரக் கணக்கு போட வேண்டும். முதலில் உண்மைத் தடிமன்: சமதரையில் சரிவுத் திசையிலேயே அளந்த அகலம் 50 மீட்டர், சரிவு 10 பாகை என்றால் 50 × சைன் 10 = 8.7 மீட்டர். அடுத்தது இறுக்கம் நீக்குவது, அதாவது மேலே சேர்ந்த எடையால் இறுகிய அடுக்கு படிந்தபோது எவ்வளவு தடிமனாக இருந்தது என்று காண்பது. இன்று 60 மீட்டர் ஷேல் (களி இறுகிய பாறை), அதில் நுண்துளை 20 சதவீதம், படிந்தபோது 60 சதவீதம் என்றால் 60 × 0.8 ÷ 0.4 = 120 மீட்டர். 60-ஐ 0.6-ஆல் வகுப்பதுதான் வழக்கமான பிழை. திடப்பொருளின் பங்குதான் மாறாதது.

கடைசியாகப் பாரம். வண்டலின் எடையே அடித்தளத்தை அமுக்கும். புவியோட்டுக்குக் கீழுள்ள மேன்டிலின் அடர்த்தி கன செ.மீ.க்கு 3.3 கிராம், வண்டல் 2.2 என்றால், கடல் 100 மீட்டர் உயர்ந்து அந்த இடம் முழுக்க வண்டலால் நிரம்பும்போது 100 × 3.3 ÷ (3.3 − 2.2) = 300 மீட்டர் வண்டல் சேரும். 300 மீட்டர் அடுக்கைப் பார்த்து 300 மீட்டர் கடலேற்றம் என்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இந்தக் கணக்குகள் கேட் (GATE) தேர்வுக்கும் உதவும். அதில் எண் விடை கேட்கும் கேள்விக்கு நெகட்டிவ் மதிப்பெண் கிடையாது. தோராயமாக வந்தாலும் எழுதிவிடுங்கள். ஒரே ஒரு சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் 2 மதிப்பெண்ணுக்குத் தவறினால் 2/3 போகும். கால்குலேட்டர் திரையில் வருவது மட்டுமே. சைனும் எண்ணின் அடுக்குக்குறியும் (பவர்) அதிலேயே பழகிக்கொள்ளுங்கள். பாகைக்குப் பதில் ரேடியனில் இருந்தால் 8.7 வராது.