விடைத்தாளில் ஆறு பூஜ்ஜியம் அதிகம்

மகளின் தேர்வுத்தாளில் அந்த ஒரு கேள்விக்கு விழுந்த சிவப்புக் கோட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியல் குறியீட்டில், அதாவது 2,300-ஐ 2.3 × 10³ என்பதுபோல் பத்தின் அடுக்கோடு, எண்களை எழுத ஒரே மாலையில் பழகிக்கொண்டாள். பெருக்கலிலும் சிக்கல் இல்லை. வகுத்தல், வாழ்க்கைக் கணக்காக வேடம் கட்டி வந்தபோதுதான் மூன்று வாரம் எங்களை அலைக்கழித்துவிட்டது.

டியூஷன் சென்டரில் வைத்த தேர்வில் வந்த கணக்கு இது. பவானிசாகர் அணையின் கொள்ளளவு 3.28 × 10¹⁰ கன அடி. கீழ்பவானி வாய்க்காலில் நொடிக்கு 2.3 × 10³ கன அடி திறக்கிறார்கள். நீர்வரத்தே இல்லை என்றால் நிறைந்த அணை எத்தனை நாளில் காலியாகும்?

அவள் சரியாகத்தான் போட்டிருந்தாள். 3.28-ஐ 2.3-ஆல் வகுத்தால் 1.426, அடுக்குகளில் 10-இலிருந்து 3 போக 7. ஆக 1.426 × 10⁷ நொடி. ஒரு நாளுக்கு 8.64 × 10⁴ நொடி என்பதால் அதையும் வகுத்து 1.65 × 10² நாள், அதாவது 165 நாள் என்று முடித்திருந்தாள். சென்டர் கொடுத்த விடைத்தாளிலோ 1.65 × 10⁸ என்று அச்சாகியிருந்தது. ஐந்து மதிப்பெண்ணும் போயிற்று.

வீட்டுக்கு வந்து செல்போன் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தாள். அதுவும் 10⁸ என்றே காட்டியது. நான் கம்பெனியிலிருந்து திரும்பியபோது, நோட்டில் சரியாக எழுதிய வரிகளை அழித்துவிட்டு, அடுக்குகளைக் கூட்டிப் பதின்மூன்று என்று எழுதிக்கொண்டிருந்தாள். "அணை காலியாகும் கணக்கில் கூட்ட வேண்டும் போலிருக்கிறது அம்மா" என்றாள். அழித்த இடத்தில் தாள் நைந்துபோயிருந்தது. மதிப்பெண் போனதைவிட, பிள்ளை தெரிந்ததையும் தொலைத்துக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கும் உடனே பிழை பிடிபடவில்லை. சென்னிமலைப் பக்கம் கீழ்பவானிப் பாசனத்தில் விவசாயம் செய்யும் என் அப்பாவுக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

"அப்புச்சி, அணை நிறைந்திருந்தால் நம் வாய்க்காலில் எத்தனை நாள் தண்ணீர் வரும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "2,300 அடி விட்டால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி, ஐந்து நாளைக்கு ஓடும் கண்ணு. முப்பத்திரண்டே முக்கால் டி.எம்.சி. இருந்தால் நூற்று அறுபத்து நாலு நாள். ஆனால் அப்படி வழித்தெடுக்க விடமாட்டார்கள் சாமி. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் வாய்க்கால்களுக்கெல்லாம் தண்ணீர் வேண்டாமா? நமக்கு ஒரு போகத்துக்கு 120 நாள்தான். அதற்கே இருபத்து நாலு டி.எம்.சி. ஆகிவிடும்."

பேனாவைத் தொடாமல் அவர் சொன்ன 164-க்கும், என் மகள் அழித்துவிட்ட 165-க்கும் ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம். அந்த 1.65 × 10⁸ நாளை ஆண்டாக்கிப் பார்த்தேன். நாலரை லட்சம் ஆண்டுகள்! ஆடி பிறந்தால் அணை எத்தனை அடி என்று தினமும் செய்தித்தாளைப் பார்க்கும் ஊரில், ஒருமுறை நிறைந்த அணை நாலரை லட்சம் ஆண்டுக்கு வருமென்று அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

பிழை எங்கே என்பதையும் அந்த வித்தியாசமே காட்டிக்கொடுத்தது. 10²-க்கும் 10⁸-க்கும் நடுவே சரியாக ஆறு பூஜ்ஜியம். ஆயிரத்தால் வகுக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்தால் பெருக்கினால்தான் ஆறு பூஜ்ஜியம் கூடும். 3.28 × 10^10 ÷ 2.3 × 10^3 என்று அப்படியே தட்டினால், கால்குலேட்டர் 2.3-ஆல் மட்டும் வகுத்துவிட்டு, கடைசி 10³-ஐப் பெருக்கிவிடுகிறது. கீழே உள்ள எண் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். போட்டுப் பார்த்தோம், 1.426 × 10⁷ வந்தது. விடைத்தாள் தயாரித்தவரும் இதே தவற்றைத்தான் செய்திருக்க வேண்டும்.

மறுநாள் ஷிப்மென்ட் வாரம். கெஞ்சி அரை நாள் விடுப்பு வாங்கி, இரண்டு பஸ் மாறி சென்டருக்குப் போனேன். முன்மேசையில் இருந்த பெண் நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "விடைத்தாள் தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறது. கம்ப்யூட்டரில் போட்டது, தப்பாக இருக்காது" என்றார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான், கணக்கு ஆசிரியர் மாலை ஐந்துக்கு மேல்தான் வருவார் என்று சொன்னார். வந்தவுடன் சொல்லியிருந்தால் விடுப்பு மிஞ்சியிருக்கும். இப்படிப் போகிறவர்கள், ஆசிரியர் வரும் நேரத்தைப் போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். நோட்டு, தேர்வுத்தாள், விடைத்தாள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாம் முறை மகளையே பேச வைத்தேன். ஆசிரியர் அடைப்புக்குறியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை தட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சிவப்புக் கோட்டை அடித்து ஐந்து போட்டார். அதே கேள்வியில் மதிப்பெண் இழந்த மற்றப் பிள்ளைகளின் தாள்களையும் திருத்துவதாகச் சொன்னார், திருத்தியும் கொடுத்தார்.

இதற்குள் இன்னும் இரண்டு இடங்களில் அவள் வழுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஒன்று, மைனஸ் அடுக்கு. கம்பெனியிலிருந்து நூல் பிரி ஒன்றைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினேன். ஒரு பஞ்சு இழையின் தடிமன் சுமார் 1.5 × 10⁻⁵ மீட்டர், என் விரலின் அகலம் 1.5 × 10⁻² மீட்டர். விரல்மேல் எத்தனை இழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம்? அவள் 10⁻⁷ என்றாள். "ஒரு இழைகூட வராதா?" என்று கேட்டதும் விரலையும் இழையையும் மாறி மாறிப் பார்த்தாள். மைனஸ் 2-இலிருந்து மைனஸ் 5-ஐக் கழித்தால் பிளஸ் 3. ஆயிரம் இழை.

மற்றொன்று, முன்னால் இருக்கும் எண் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் சரிசெய்வது. நிலவு 3.84 × 10⁸ மீட்டர் தொலைவில் இருக்கிறது. எங்கள் 30-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 5.08 × 10⁴ மீட்டர் ஓடும். நிலவைத் தொட எத்தனை கிலோ வேண்டும்? 0.756 × 10⁴ வரை வந்துவிட்டு, 7.56 × 10⁵ என்று எழுதினாள். எண்ணைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் அடுக்கில் ஒன்றைக் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தராசு சாய்ந்துவிடும். 7.56 × 10³ கிலோ, ஏழரை டன். 60 கிலோ மூட்டையாக 126. "நம் குடோனில் இருக்கிற அளவுதானா?" என்று வாயைப் பிளந்தாள். அதற்குப் பிறகு அடுக்கை அவள் தப்பான பக்கம் நகர்த்தியதே இல்லை.

காலாண்டுத் தேர்வில் சூரிய ஒளி பூமிக்கு வந்துசேரும் நேரம் கேட்டிருந்தார்கள். 1.5 × 10⁸ கிலோமீட்டரை நொடிக்கு 3 × 10⁵ கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். 0.5 × 10³ வந்ததும் 5 × 10² என்று மாற்றி, 500 நொடி, எட்டு நிமிடம் இருபது நொடி என்று எழுதிவிட்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் என்னிடம்கூடச் சொல்லாமல் என் போனை எடுத்து முதலில் அப்புச்சியைக் கூப்பிட்டாள்.