மாத்து நிலம்னு ஒண்ணு குடுத்தாங்க

போன வாரம் அம்மா பரண்ல இருந்து தகரப்பெட்டிய இறக்குனாங்க, அடியில தாத்தாவோட ஒப்படை ஆர்டர் (சர்க்கார் நிலத்த ஒதுக்கிக் குடுத்த உத்தரவு) இருந்துச்சு, மடிப்பெல்லாம் கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப் போயி. தாத்தாவுக்கு கண்மாய் பாசனத்துல 3 ஏக்கர் நன்செய் இருந்துச்சு, ஒரு திட்டத்துக்குன்னு கவர்மெண்ட் எடுத்துக்கிச்சு (எந்த ஊருன்னு சொல்லல, மனு இன்னும் நிலுவையில கிடக்கு). பணம் வேணாம், நிலத்துக்கு நிலம் குடுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்குனாரு, ஏன்னா பணமா வந்தா பயலுக ஆளுக்கொரு பக்கம் பிச்சுக்கிட்டு போயிருவானுங்கன்னு பயம்.

குடுத்தது மேய்க்கால் புறம்போக்கு, ஆடு மாடு மேயுறதுக்குன்னு ஒதுக்குன சர்க்கார் நிலம். அதே 3 ஏக்கர், ஆனா சரள மண்ணு, கடப்பாரைய போட்டா பொறி பறக்கும், கண்மாய்த் தண்ணி அந்தப் பக்கமே எட்டாது. அத கூட தாத்தா பொறுத்துக்கிட்டாரு. முள்ளுவேலி போடப் போன அன்னைக்கு ஒரு பாட்டி இருபது ஆட்டோட வந்து நின்னுட்டாங்களாம், "இது எங்க ஆடு மேயுற எடம்யா". தாத்தா "சர்க்கார் குடுத்தது ஆத்தா"ன்னாரு. "சர்க்காருக்கு யாருய்யா குடுத்தா?"ன்னு கேட்டுச்சாம் அந்த கிழவி. சாகுற வரைக்கும் தாத்தா இத சொல்லி சொல்லி சிரிப்பாரு, வேலிய மட்டும் போடவே இல்ல.

புறம்போக்குன்னா சும்மா கிடக்குற நிலம்னு ஆபீஸ்ல நெனைக்கிறாங்க, ஊர்ல யாரும் அப்படி நெனைக்கிறதில்ல. விறகு, ஆடு, களம், சுடுகாட்டுப் பாதைன்னு எல்லாத்துக்கும் அதுதான். 2011-ல சுப்ரீம் கோர்ட் ஜக்பால் சிங் கேஸ்ல ஊர் பொது நிலத்த ஆக்கிரமிச்சவங்கள வெளியேத்துங்கன்னு எல்லா மாநிலத்துக்கும் சொல்லிருச்சு, நல்ல தீர்ப்புதான், ஆனா தாத்தா மாதிரி சர்க்காரே கூட்டிட்டுப் போயி உக்கார வச்ச ஆளு, பேப்பர் சரியில்லன்னா பாக்குறவங்களுக்கு ஆக்கிரமிப்பாளர் மாதிரிதான தெரிவாரு?

நர்மதாவுலயும் இதே கூத்து, இன்னும் பெருசா. நர்மதா தண்ணி தகராறுக்குன்னு வச்ச தீர்ப்பாயம் 1979-ல என்னா சொல்லுச்சுன்னா, சர்தார் சரோவர் அணைக்காக நாலுல ஒரு பங்குக்கு மேல நிலம் போற குடும்பத்துக்கு குறைஞ்சது 2 ஹெக்டேர் பாசன நிலம் குடுக்கணும், மேஜரான மகன் தனிக் குடும்பம், தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே குடியமர்த்திடணும். படிச்சா கண்ணுல தண்ணி வரும், அவ்வளவு நல்லா எழுதியிருக்கு. ஆனா நிலத்துக்கு எங்க போறது? மகாராஷ்டிராவுல தலோடா காட்ட வெட்டி ஒதுக்குனாங்க, அங்க ஏற்கனவே ஆதிவாசிங்க பயிர் பண்ணிட்டு இருந்தாங்க, அப்புறம் என்ன, ரெண்டு பக்கமும் பாவப்பட்டவங்க முட்டிக்கிட்டதுதான் மிச்சம். மத்தியப் பிரதேசத்துல நிலம் இல்லன்னு ரெண்டு தவணையா 5.58 லட்சம் பணம், நீங்களே வாங்கிக்கங்கன்னு, அதுல புரோக்கர் புகுந்து போலிப் பத்திரம் அடிச்சு அது தனி விசாரணைக் கமிஷன் வரைக்கும் போச்சு. கடைசில 2017-ல சுப்ரீம் கோர்ட் 681 குடும்பத்துக்கு தலா 60 லட்சம் குடுங்கன்னு சொல்லி முடிச்சு வச்சுது. நிலம்னு ஆரம்பிச்சது பணத்துல வந்து நின்னுச்சு.

2013 நிலம் கையகப்படுத்துற சட்டத்த எடுத்து பாத்தேன், பாசனத் திட்டத்துக்கு நிலம் போனா அந்தத் திட்டத்தோட ஆயக்கட்டுலயே, அதாவது அதோட தண்ணி பாயுற பரப்புலயே, குறைஞ்சது 1 ஏக்கர்னு இருக்கு. ரெண்டாம் அட்டவணையில போட்டிருக்காங்க. முன்னாடி ஒரு வார்த்த ஒட்டியிருக்கு, "முடிந்தவரை". அந்த ஒத்த வார்த்தைக்குள்ள எத்தன ஏக்கர் காணாம போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா ஆயக்கட்டுலயேன்னு எழுதுனவரு விவசாயம் தெரிஞ்சவரா இருக்கணும், மண்ணு மட்டும் இல்ல தண்ணியும் சேந்தாதான் ஏக்கருன்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு.

எங்க கதைக்கு வரேன். அப்பா காலத்துல இருந்து ஜமாபந்தில (வருசா வருசம் தாலுகா ஆபீஸ்ல நடக்குற வருவாய்க் கணக்கு தணிக்கை) மனு குடுக்கோம். ஆர்டர் இருக்கு, பட்டா இல்ல. போன தடவை நான் போனப்ப அங்க இருந்தவரு பொறுமையாதான் சொன்னாரு, "தம்பி, மேய்க்கால் வகைபாட்ட மாத்தணும்னா ஆடு மாடு மேய அதே அளவுக்கு மாற்று இடம் காட்டணும், அது கெடைக்கல". மாத்து நிலத்துக்கு ஒரு மாத்து நிலம்! எனக்கு சிரிப்பு வந்துருச்சு, அவருக்கும் தான்.

நேத்து ராத்திரி ஆன்லைன்ல அ-பதிவேடு, அதான் எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம்னு எழுதி வச்ச கணக்கு, எடுத்துப் பாத்தேன், இன்னும் மேய்க்கால்னே இருக்கு. காலையில அம்மாட்ட சொன்னா, "அப்ப ஆடாவது மேயட்டும்"னுட்டு ஆர்டர மறுபடி மடிச்சு பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க, புது டேப் ஒட்டி.