சிறு மில்லிங் மெஷினில் ஒரு ரூட்டர்

சீக் எக்ஸ்2 போன்ற சிறு மில்லிங் மெஷின்களில் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குபவை) கட்டரைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,500 சுற்றுகளுக்கு மேல் சுழலாது. 3 மி.மீ. கட்டரைப் பொருத்தினால் அதன் விளிம்பு வேகம் நிமிடத்திற்கு 24 மீட்டர்கூட வராது என்பதால், அலுமினியத்தில் அதிவேகத்தைத் தாங்கும் கடினமான கார்பைடு கட்டரின் திறன் பெரும்பாலும் வீணாகிறது. மரவேலைக்கான மக்கிட்டா ட்ரிம் ரூட்டர் (கையில் பிடித்து விளிம்புகளைச் செதுக்கும் சிறு கருவி) நிமிடத்திற்கு 10,000 முதல் 30,000 சுற்றுகள் வரை ஓடும். ஸ்பிண்டிலுக்குப் பதிலாகக் கட்டரைச் சுழற்ற நான் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

தடித்த அலுமினியத் தகட்டில் ரூட்டரின் உடல் விட்டமான 65 மி.மீ.க்குத் துளையைக் குடைந்து, ஒரு பக்கம் பிளந்து, போல்ட்டால் இறுகும் கிளாம்பாக்கி மெஷினின் தலைப்பகுதியில் பொருத்தினேன். அச்சு செங்குத்தாக நிற்கிறதா என்பதை டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் அளவி) கொண்டு பார்ப்பதில்தான் பொறுமை வேண்டும்; கிளாம்புக்கு அடியில் ஒரு சிறு பிசிர் கிடந்தாலும் முள் காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையான சிக்கல் ஊட்ட வேகம், அதாவது வெட்டும்போது மேசை நகரும் வேகம். இரண்டு பல் கட்டர் 20,000 சுற்றில் ஒவ்வொரு பல்லுக்கும் 0.02 மி.மீ. வெட்ட வேண்டுமெனில் மேசை நிமிடத்திற்கு 800 மி.மீ. நகர வேண்டும், சுற்றுக்கு 2 மி.மீ. நகர்த்தும் கைச்சக்கரத்தை நிமிடத்தில் 400 முறை யார் சுற்றுவது? ஆகவே கணினிக் கட்டுப்பாட்டில் மேசையை நகர்த்தும் சிஎன்சி மோட்டார்கள் இல்லாதவர்கள் 10,000 சுற்றிலேயே நிற்பது நல்லது; சத்தமும் சற்றுக் குறையும்.