காட்பாடி வீட்டில் சீஸ்கேக்: ஐந்து மாதக் குறிப்புகள்

சீஸ்கேக்கின் அடிப்பாகத்துக்கு மாரி பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெயில் பிசிறி, தகரத்தில் அழுத்திவிடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். நானும் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவந்தேன். மைதாவும் வெண்ணெயும் கொண்டு கையால் செய்த பேஸ்ட்ரி க்ரஸ்ட்டின் மேல், வீட்டிலேயே பால் திரித்து எடுத்த சீஸை ஊற்றிச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பிப்ரவரியில் வந்தது. அன்று முதல் ஜூன் வரை மாதம் ஒரு முறையாக ஐந்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதி வைத்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதல் முறை நான் செய்த தவறு, சப்பாத்தி மாவு பிசைந்த பழக்கத்தில் க்ரஸ்ட் மாவையும் பிசைந்ததுதான். 200 கிராம் மைதாவில் இளகிய வெண்ணெய் 110 கிராமைச் சேர்த்து, தண்ணீர் தெளித்து, மாவு வழவழப்பாகும் வரை அழுத்திப் பிசைந்தேன். அடுப்பில் வைத்த பத்து நிமிடத்தில் தகரத்தின் விளிம்பு வரை ஏற்றியிருந்த மாவு பாதி உயரத்துக்குச் சுருங்கிவிட்டது. சுட்ட பின் கத்தியால் வெட்டினால் உடையாமல் வளைந்தது. மைதாவிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசையப் பிசைய இழையாக நீளும். அந்த இழைகள்தாம் சப்பாத்தியை இழுபடச் செய்கின்றன, க்ரஸ்ட்டையும் பின்னுக்கு இழுக்கின்றன.

மார்ச் மாதத்தில் வெண்ணெய்க்குப் பதிலாக நெய் போட்டுப் பார்த்தேன். நெய்யில் ஏறக்குறைய தண்ணீரே இல்லாததால் மாவு சுருங்கவில்லை, மணமும் அருமையாக இருந்தது. ஆனால் அது நான்கட்டாயைப் போலப் பொடிந்ததே தவிர, ஏடு ஏடாகப் பிரியவில்லை. வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர் உண்டு. குளிர்ந்த வெண்ணெய் சிறு துண்டுகளாகவே மாவுக்குள் தங்கி, சூட்டில் உருகும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவை மேலே தூக்குவதால்தான் ஏடுகள் உண்டாகின்றன. அந்த வேலையை நெய் செய்யாது.

இந்த இடத்தில் எனக்கு உதவியவர் ஆற்காட்டில் இருக்கும் என் அத்தை. அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த மக்கன் பேடாவை அவர் வீட்டிலேயே செய்வார். மைதாவிலும் கோவாவிலும் நெய்யைச் சேர்க்கும்போது அவருடைய உள்ளங்கை மாவில் படுவதே இல்லை. "மாவ பெசையாத கண்ணு, வெரல் நுனியால சேத்து வுடு, போதும்" என்றார். உள்ளங்கையின் சூடு கொழுப்பை உருக்கிவிடும் என்பதும், அழுத்தினால் மாவு இறுகிவிடும் என்பதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருந்தன.

ஏப்ரலில் அதன்படியே செய்தேன். உப்பில்லாத வெண்ணெயை ஃப்ரீசரில் கல்லாக்கி, கேரட் துருவியில் மைதாவின் மேலேயே துருவி, விரல் நுனியால் புரட்டிவிட்டு, ஐஸ் தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி மட்டும் தெளித்தேன். மாவு திரண்டு உருண்டையாகவில்லை. கையில் பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிர்ந்தது. அதுதான் சரியான பதம். கவலைப்பட்டு இன்னொரு கரண்டித் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். பிடித்த மாவைத் தட்டையாக்கி, பாலித்தீன் தாளில் சுற்றி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்த பின் தேய்த்தபோது, வெள்ளை மாவுக்குள் மஞ்சள் வெண்ணெய் அரிசியளவுத் திட்டுகளாகத் தெரிந்தது. தகரத்தில் பரப்பி, முள்கரண்டியால் குத்தி, மேலே பட்டர் பேப்பர் போட்டு, உலர்ந்த கொண்டைக்கடலையை நிரப்பிச் சுட்டேன். கடலையின் கனம் மாவு உப்பாமலும் ஓரம் சரியாமலும் பிடித்துக்கொண்டது. (அந்தக் கடலையைச் சமைக்க முடியாது, ஒரு டப்பாவில் போட்டு அடுத்த முறைக்கு வைத்திருக்கிறேன்.) கடலையை எடுத்த பின் உட்புறம் முழுவதும் முட்டை வெள்ளைக் கருவைத் தடவி இரண்டு நிமிடம் மீண்டும் சுட்டேன். அந்த மெல்லிய படலம் மேலே ஊற்றும் கலவையின் ஈரம் க்ரஸ்ட்டில் இறங்காமல் தடுக்கிறது.

சீஸுக்கு ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் இரண்டு லிட்டர் எடுத்தேன். அதில் கொழுப்பு 6 சதவீதம். பால் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் சூடு தணிய விட்டு, தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கொதிக்கும்போதே ஊற்றினால் திரிந்த பால் ரப்பர் போல இறுகி, மிக்ஸியில் எவ்வளவு அரைத்தாலும் நறநறப்பு போகாது. திரிந்ததும் ஐஸ் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியில் கட்டி, பாரம் வைக்காமல் தொங்கவிட்டேன். இதையும், வடிகட்டிய கெட்டித் தயிர் 150 கிராமையும், சிட்டிகை உப்பையும் சின்ன ஜாரில் அரைத்தால் கடையில் வாங்கும் க்ரீம் சீஸுக்கு மிக அருகில் வருகிறது. அதோடு சர்க்கரை 130 கிராம், சோள மாவு ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைத் தோல் துருவல், கடைசியாக மூன்று முட்டை. முட்டை சேர்த்த பின் மிக்ஸியைத் தொடக்கூடாது. காற்று புகுந்தால் கலவை அடுப்பில் எழும்பி, வெளியே வந்ததும் அமுங்கி வெடிக்கும்.

இவ்வளவு கவனித்தும் ஏப்ரல் கேக்கின் நடுவில் பாலாற்று மணலில் கோடை இழுத்த கோடு போல ஒரு விரிசல் விழுந்தது. அடுப்புக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தபோது, திருகியில் 150 என்று வைத்தால் உள்ளே 170 டிகிரி இருந்தது தெரிந்தது. வீட்டு ஓவன் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டிய பொருள் அந்த வெப்பமானிதான் என்பது என் உறுதியான கருத்து.

மே மாதம் கத்திரி வெயில். கல்மலைகள் சூழ்ந்த வேலூரில் பகலில் வெண்ணெயை எடுத்து மேடையில் வைத்தால், துருவியைத் தேடி எடுப்பதற்குள் அது பளபளக்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் மாவு வேலை முழுவதையும் விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றினேன். மைதாவையும் பூரிக்கட்டையையும் முந்தைய இரவே ஃப்ரிட்ஜில் வைத்தேன். தேய்க்கும் கிரானைட் மேடையின் மேல் ஐஸ் நிரப்பிய எவர்சில்வர் தட்டைக் கால் மணி நேரம் வைத்து, துடைத்துவிட்டுத் தேய்த்தேன். மாவு ஒட்டவே இல்லை.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. தகரத்தின் வெளிப்புறத்தில் அலுமினியத் தாளைச் சுற்றி, வெந்நீர்த் தட்டில் நிறுத்திச் சுட்டுக்கொண்டிருந்தபோது, ஐம்பதாவது நிமிடத்தில் மின்சாரம் போய்விட்டது. கதவைத் திறக்க மனம் வராமல் அப்படியே விட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்தபோது மேற்பரப்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதுவரை நான் நடுப்பகுதி கெட்டியாகும் வரை சுட்டு, உடனே வெளியே எடுத்துவந்தேன். முட்டை கலந்த இந்தக் கலவை அடுப்பை அணைத்த பின்னும் மிச்சச் சூட்டிலேயே வெந்து முடியும். திடீரென்று ஆறினால் சுருங்கிப் பிளந்துவிடும். தகரத்தை மெல்லத் தட்டினால் ஓரம் அசையாமல், நடுவில் மூன்று விரல் அகலம் மட்டும் ஆடைத்தயிர் போல ததும்ப வேண்டும். அப்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

ஜூனில் மின்தடை இல்லாமலே அதைச் செய்தேன். 150 டிகிரியில் 55 நிமிடம், அணைத்து, கதவில் மரக்கரண்டி ஒன்றைச் செருகி ஒரு மணி நேரம், பிறகு ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய பங்கனப்பள்ளி இரண்டின் சதையைச் சிறிது சர்க்கரையோடு கிளறி ஆறவைத்து மேலே பரப்பினேன். வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டியபோது, சீஸ் வழுவழுவென்று பிரிந்தது, க்ரஸ்ட் மெல்லிய சத்தத்தோடு உடைந்தது. ஆற்காட்டுக்கு நான்கு துண்டுகள் கொண்டுபோனேன். அத்தை முதலில் மாம்பழத்தையோ சீஸையோ தொடவில்லை. ஓரத்து க்ரஸ்ட்டைக் கிள்ளி, ஏட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. துண்டைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பாகத்தின் நடுவே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிறியிருக்கிறது. ஓரம் பொன்னிறமாக வந்த அளவுக்கு அங்கே வேகவில்லை. கடலை நிரப்பிச் சுடும்போது கம்பித் தட்டுக்குப் பதிலாக, முன்பே சூடேற்றிய இரும்பு தோசைக்கல்லின் மேல் தகரத்தை வைத்து ஜூலையில் பார்க்கப் போகிறேன்.