சி.எஸ்.ஆர். ஒப்பந்தத்தில் 'நல்ல நடைமுறைகள்' சேர்க்கப் போகிறீர்களா? எங்கள் டிரஸ்ட் பட்ட பாடு

ஒருவழியாகக் கையெழுத்தாகிவிட்டது. எங்கள் டிரஸ்டுக்கும் ஒரு பெரிய கம்பெனிக்கும் இடையிலான சி.எஸ்.ஆர். (சட்டப்படி கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் பணம்) ஒப்பந்தம். ஒரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அரை வருஷத்தைத் தாண்டி இழுத்தது. பணத்திலோ திட்டத்திலோ தகராறு இல்லை. ஒப்பந்தத்தின் பின்னால் 'நல்ல நடைமுறைகள்' என்று நாங்கள் இணைத்துக் கொடுத்த ஒன்றரைப் பக்கம்தான் இத்தனைக்கும் காரணம். இதே வழியில் வரப்போகும் சின்ன டிரஸ்டுகளுக்காக இதை எழுதுகிறேன்.

கோவில்பட்டி பக்கத்துக் கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறோம். பிள்ளைகளின் அப்பா அம்மா பெரும்பாலும் தீப்பெட்டி ஆபீஸுக்கோ காட்டு வேலைக்கோ போகிறவர்கள். பாடம் நடத்துவது அதே ஊர்ப் பெண்கள். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர்களும் அவர்களில் உண்டு.

12ஏபி, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், மூன்று வருஷத்து ஆடிட் கணக்கு, சி.எஸ்.ஆர். பணம் வாங்கும் அமைப்புகளுக்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு எண் எல்லாம் கையில் இருந்ததால் முதல் கட்டம் ஒரே மெயிலில் முடிந்தது. (சி.எஸ்.ஆர்-1 இல்லாதவர்கள் முதலில் அதை முடியுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் எந்தக் கம்பெனியும் பேச்சையே தொடங்காது.)

முந்தைய ஒரு திட்டத்தில், பொறுப்பாக இருந்த மேனேஜர் மாறிப்போனதும் எல்லாம் குழம்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு. தவணைப் பணம் தள்ளிப்போனது. முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் வண்டி நிறைய ஆட்கள் 'விசிட்' என்று வந்து நின்றார்கள். அதனால் இந்த முறை இரண்டு பக்கமும் எப்படி நடந்துகொண்டால் நல்லது என்பதை எழுதியே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். தவணை காலாண்டின் தொடக்கத்திலேயே வருவது நல்லது. பார்வையிட வருவதானால் ஒரு வாரம் முன்னால் சொல்வது நல்லது. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைத் தவிர்ப்பது நல்லது. பொறுப்பாளர் மாறினால் பழையவரும் புதியவரும் சேர்ந்து ஒரு கூட்டம் போடுவது நல்லது. எங்கள் பக்கத்துக்கும் அப்படியே எழுதினோம்: ஆசிரியை மாதம் ஒருமுறை பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரைப் பார்ப்பது நல்லது.

இந்தக் கடைசி வரிதான் எங்களைச் சுற்றிவளைத்தது.

கம்பெனியின் சட்டப் பிரிவான லீகலில் இருந்து திரும்பி வந்த டிராஃப்டைப் பார்த்ததும் பகீரென்றது. கம்பெனி தரப்புக்கு நாங்கள் எழுதிய நடைமுறைகள் ஒன்றுகூட இல்லை. எங்கள் தரப்புக்கு எழுதியது மட்டும் அப்படியே தூக்கப்பட்டு 'டிரஸ்டின் கடமைகள்' பகுதிக்குள் போயிருந்தது. ஒவ்வொரு ஆசிரியையும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் மாதம் ஒருமுறை செல்ல வேண்டும், இடம் பதிவான புகைப்படத்தோடு அறிக்கை தர வேண்டும், தவறினால் விதிமீறல். விதிமீறல் என்றால் என்ன என்று பக்கத்தைப் புரட்டினால்: 15 நாள் நோட்டீஸ், அதன்பின் அதுவரை கொடுத்த முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். செலவழித்ததையும் சேர்த்து!

தீப்பெட்டி ஆபீஸ் போகும் தாயை ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் வீட்டில் பிடிக்க முடியாது. களையெடுப்பு, அறுவடைக் காலத்தில் ஞாயிறும் கிடையாது. முடிந்தபோது செய்யும் நல்ல காரியம் ஒன்று, முடியாத மாதத்தில் டிரஸ்டையே மூடவைக்கும் ஷரத்தாக மாறி நின்றது.

போன் போட்டேன். எதிர்முனையில் இருந்தவர், "மேடம், எம்.ஓ.யு.ல கடமைதான் இருக்கும். பரிந்துரை எல்லாம் உள்ள வராது. வேணும்னா தனியா ஒரு மெயில்ல அனுப்பிடுங்க, நாங்க ரெக்கார்டுல வெச்சுக்கறோம்" என்றார். (எம்.ஓ.யு. என்றால் புரிந்துணர்வு ஒப்பந்தம்.) கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நம்பிவிடாதீர்கள். அதே டிராஃப்டின் கடைசிப் பக்கத்தில், 'இந்த ஆவணமே முழு ஒப்பந்தம். இதற்கு முன் பேசியதும் எழுதியதும் இதற்குக் கட்டுப்பட்டு ரத்தாகும்' என்று ஒரு ஷரத்து இருந்தது. கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனி டிராஃப்டிலும் இருக்கும். அது இருக்கும்வரை கையெழுத்துக்கு முந்தைய மெயிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

'வெறும் எம்.ஓ.யு. தானே, கட்டுப்படுத்தாது' என்று தைரியம் சொன்னவர்களும் உண்டு. அதுவும் ஆபத்தான பேச்சு. மேலே என்ன பெயர் போட்டிருந்தாலும், யார் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு பணம், மீறினால் என்ன என்று உள்ளே எழுதிக் கையெழுத்துப் போட்டால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அதை ஒப்பந்தமாகவே பார்ப்பார்கள்.

கம்பெனிக்காரர்களின் நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. கொடுத்த பணம் சொன்ன காரியத்துக்குத்தான் செலவானது என்று அவர்களுடைய நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். 2021 ஜனவரியில் திருத்திய சி.எஸ்.ஆர். விதிகள் அப்படிக் கேட்கின்றன. அதனால் எண்ணிக் காட்ட முடிகிற எதைக் கண்டாலும் கடமையாக்கிவிடப் பார்க்கிறார்கள். யூ.சி. (பணம் செலவானதற்கான பயன்பாட்டுச் சான்று) கேட்கட்டும், பில் கேட்கட்டும், தணிக்கைக்கு வரட்டும். அதற்கெல்லாம் நாங்கள் ஒருபோதும் மறுப்புச் சொன்னதில்லை.

முட்டுக்கட்டையை எடுத்தவர் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். சிவில் கோர்ட்டில் நெடுங்காலம் வக்கீலாக இருந்தவர். டிராஃப்டை முழுக்கப் படித்துவிட்டு, "ஏம்மா, சண்டை போடாத. ரெண்டு இணைப்பாப் பிரிச்சுக் கொடு. கட்டாயமானது ஒண்ணுல, பரிந்துரை ஒண்ணுல. ரெண்டாவதுக்கு என்ன பலம்னு ஒப்பந்தத்துக்கு உள்ளயே ஒரு ஷரத்து எழுது" என்றார். அவரே எழுதியும் கொடுத்தார். அதன் சாரம் இது:

இரண்டாம் இணைப்பில் உள்ளவை இரு தரப்பும் பின்பற்ற முயலும் நடைமுறைகள். அவற்றைப் பின்பற்றாமல் போவது மட்டுமே விதிமீறல் ஆகாது, பணத்தைத் திரும்பக் கேட்கக் காரணமும் ஆகாது. பின்பற்ற முடியாத தரப்பு அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் காரணத்தைச் சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும். இந்த இணைப்பை மட்டும் இரு தரப்புப் பொறுப்பாளர்களும் மெயிலில் ஒப்புக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம். இணைப்புக்கும் ஒப்பந்தத்துக்கும் முரண் வந்தால் ஒப்பந்தமே செல்லும்.

காரணம் சொல்ல வேண்டும் என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் பரிந்துரைகளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அது இருப்பதால், தவணை தாமதமானால் ஏன் என்று கூட்டத்தில் கேட்க எங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. லீகலும் இதற்கு இறங்கி வந்தது. முரண் வந்தால் எது செல்லும் என்று எழுதியிருந்ததே அவர்களைச் சமாதானப்படுத்தியது என்று நினைக்கிறேன்.

புகைப்படத்தில் மட்டும் நான் பரிந்துரையோடு நிற்கவில்லை. அதைக் கட்டாய இணைப்புக்கே கொண்டுபோகச் சொன்னேன். பிள்ளைகளின் முகத்தைப் போட்டு 'ஏழைக் குழந்தைக்கு லேப்டாப்' என்று போஸ்டர் அடித்தால், மறுநாள் பள்ளியில் அந்தப் பிள்ளை எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும்? 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அதைச் சொன்னதும் அவர்களுடைய விளம்பரப் பிரிவு அடங்கியது. இப்போது பெற்றோர் கையெழுத்திட்ட தமிழ்ப் படிவம் இல்லாமல் ஒரு படம்கூட வெளியே போகாது.

லேப்டாப்பிலும் ஒரு வெற்றி. 'திட்டம் முடிந்ததும் கருவிகள் அனைத்தும் கம்பெனியின் சொத்தாகத் திரும்ப வேண்டும்' என்று டிராஃப்டில் இருந்தது. சி.எஸ்.ஆர். விதிகளில் 7(4)-ஐ எடுத்துக் காட்டினேன். சி.எஸ்.ஆர். பணத்தில் உருவான மூலதனச் சொத்தைக் கம்பெனி தன் கையில் வைத்துக்கொள்ள முடியாது. பதிவு எண் உள்ள பொது அறக்கட்டளை போன்ற அமைப்புகளோ, பயனாளிகளின் குழுக்களோ, அரசு அமைப்போதான் வைத்திருக்கலாம். மறுபேச்சில்லாமல் ஷரத்தை எடுத்துவிட்டார்கள். தகராறு வந்தால் கம்பெனியின் மேலாண் இயக்குநரே தனி நடுவரை நியமிப்பார் என்ற ஷரத்தும் இப்படித்தான் போனது. வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒருவர் தனி நடுவரை நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் 2019-லேயே சொல்லிவிட்டது. நடுவர் விசாரணைக்கு மும்பை என்று இருந்த இடத்தை மதுரை என்று மாற்றத்தான் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துச் சென்னைக்குக் கிளம்பினோம். எங்கள் டிரஸ்ட் பத்திரப்படி இரண்டு அறங்காவலர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். என்னோடு வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலியோடு நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தார். ஆபீஸில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்ததைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "அந்த வாக்கியத்தைக் காணோமே" என்றார். 'விதிமீறல் ஆகாது' என்ற வாக்கியம் மட்டும் இல்லை. முன்னும் பின்னும் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அங்கிருந்த அலுவலர், "பழைய வெர்ஷன் போல. இப்போ போட்டுடுங்க ஐயா, பின்னால ஒரு திருத்தம் போட்டுக்கலாம்" என்றார். நாங்கள் போடவில்லை. அன்றைக்கே திருத்திக் கொடுக்க அவர்களுக்கும் அதிகாரம் இல்லையாம். வெறுங்கையோடு அன்று ராத்திரி ரயிலில் திரும்பினோம். அந்த வயதில் அவரை அப்படி அலையவைத்தது இப்போதும் எனக்கு ஆறவில்லை.

அதனால் கறாராகச் சொல்கிறேன்: கடைசி பி.டி.எஃப். வந்ததும் நீங்கள் ஒப்புக்கொண்ட வேர்ட் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேர்டிலேயே ஒப்பிடும் வசதி இருக்கிறது. மாற்றங்கள் தெரியும்படியான கோப்பைத்தான் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பயணத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன், கையெழுத்துப் பிரதியை மெயிலில் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும், இரண்டு இணைப்புகளின் பக்கங்களிலும் இரு தரப்பும் சுருக்கொப்பம் போட வேண்டும்.

அடுத்த தடை முத்திரைத்தாள். பேச்சு தொடங்கியபோதே டிரஸ்ட் பெயரில் வாங்கி வைத்திருந்தோம். ஆறு மாதம் தாண்டிவிட்டது, செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். பயன்படுத்தாத தாளைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறத்தான் ஆறு மாதக் கெடு. தாளுக்குக் காலாவதி கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல், திருவேங்கடம் பிள்ளை - நவநீதம்மாள் வழக்கில் தெளிவாகச் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு. எடுத்துச் சொன்னேன். கவுண்டரில் எடுபடவில்லை. மார்ச் 31 நெருங்கிக்கொண்டிருந்ததால் புதுத்தாள் வாங்கிக் கொடுத்தேன். உங்களுக்கு நேரம் இருந்தால் விடாதீர்கள். அறங்காவலர் கூட்டத் தீர்மானத்தின் நகலில் டிரஸ்டின் வட்ட முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்காகவும் ஒருவரைத் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

முதல் தவணை வந்துவிட்டது. இரண்டாம் இணைப்பைத் தமிழில் அடித்து எல்லா மையங்களுக்கும் கொடுத்திருக்கிறோம். முதல் காலாண்டுக் கூட்டம் அடுத்த மாதம். வீட்டுக்குப் போக முடியாத மாதங்களையும் அதற்கான காரணங்களையும் ஆசிரியைகள் இப்போதே ஒரு நோட்டில் எழுதி வருகிறார்கள். கூட்டக் குறிப்பில் அவை அப்படியே ஏறும்.